கல்லடியில் எழும்ப மறுத்த ஒரு தாய்ப்பலகை: பயோஸ் புதுப்பிப்பு இடைநின்ற நிகழ்வு பற்றிய ஆய்வு

2025 ஒக்டோபர் 8, புதன்கிழமை மாலை, மட்டக்களப்பு கல்லடியில் உள்ள ஒரு புகைப்பட நிலையத்தின் கணினியில் பயோஸை, அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை நிரலை, புதுப்பித்துக் கொண்டிருந்தபோது அந்த வேலை இடையில் நின்று, தாய்ப்பலகை முற்றாகச் செயலிழந்தது. அந்த வேலையைச் செய்தவன் நான்தான். கணினி மீண்டும் உயிர்பெற ஐந்து நாட்கள் சென்றன. மின்சாரம் வந்து போனதால் பலகை பழுதாகிவிட்டது என்ற முடிவுக்கு அன்று அங்கே நின்ற எல்லோரும் வந்தார்கள், நானும் வந்தேன். அந்த முடிவு பாதிதான் சரி என்பது, பலகையிலிருந்த சிப்பைக் கழற்றி வாசித்த பின்னரும், அதே அறையில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு கணினியைக் கவனித்த பின்னரும்தான் எனக்கு விளங்கியது.

நிலையத்தின் பெயரும், பலகையையும், மின் தடைப்பட்டால் பற்றரியிலிருந்து மின் கொடுக்கும் யூபிஎஸ்ஸையும் செய்த நிறுவனங்களின் பெயர்களும் இங்கே தேவையற்றவை. நடந்ததை எந்த நிறுவனத்தின் தலையிலும் கட்டிவிட முடியாது.

கணினியும் தேவையும்

கணினி 2019இல் வாங்கப்பட்டது. ஏஎம்4 வகைப் பொருத்தியைக் கொண்ட பி450 பலகை, 6 கருக்கள் (கோர்கள்) கொண்ட ரைசன் 5 2600 செயலி, 16 கிகாபைற் ரெம் ஆகியவை அதில் இருந்தன. கலியாண அல்பம் வடிவமைப்பதற்கு அது போதுமானதாகவே இருந்தது. ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளாக வாடிக்கையாளர்கள் அல்பத்துடன் காணொளியையும் கேட்கத் தொடங்கியதால், ஒரு மணித்தியாலக் காணொளியைத் தொகுத்து வெளியே எடுப்பதற்கு இரவு முழுவதும் கணினியை ஓடவிட வேண்டியிருந்தது. டோகாவில் வேலை செய்யும் உரிமையாளரின் மருமகன் விடுமுறையில் வந்தபோது, 8 கருக்கள் கொண்ட ரைசன் 7 5700எக்ஸ் செயலி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். புரட்டாதியில் கலியாண வேலைகள் குறைவு. ஐப்பசி பிறந்து தீபாவளியும் கழிந்தால் தலை நிமிர நேரம் கிடையாது. ஆகவே செயலியை மாற்ற அந்தக் கிழமையே தெரிவாயிற்று.

இங்கேதான் பயோஸ் குறுக்கே வருகிறது. பி450 பலகைகள் சந்தைக்கு வந்தது 2018இல். ரைசன் 5000 தொடர் வந்தது 2020 நவம்பரில். 5700எக்ஸ் வந்தது 2022 ஏப்ரலில். பொருத்தி ஒன்றே என்பதால் செயலி ஒழுங்காக உட்காரும். ஆனால் தனக்குப் பின்னர் பிறந்த செயலியை எழுப்புவதற்கான நிரல் பழைய பயோஸில் இருக்காது. எனவே பழைய செயலி உள்ளே இருக்கும்போதே பயோஸைப் புதுப்பித்து, அதன் பின்னரே புதியதை மாட்ட வேண்டும். வேறு வழி இந்தப் பலகையில் இல்லை. செயலியே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயோஸை ஏற்றுவதற்கான தனிப் பொத்தான் சில பலகைகளின் பின்புறத்தில் இருக்கும். இது விலை குறைந்த வகை என்பதால் அந்த வசதி வைக்கப்படவில்லை. முதன்மைச் சிப் கெட்டால் கைகொடுக்க இரண்டாவது சிப்பும் இல்லை. (இன்றைய பலகைகளில் இருப்பது உண்மையில் யூஇஎஃப்ஐ என்னும் பிற்கால அமைப்பு. ஆயினும் மட்டக்களப்பில் எந்தக் கடையிலும் அந்தப் பெயரைச் சொல்லி எவரும் வருவதில்லை என்பதால் நானும் பயோஸ் என்றே எழுதுகிறேன்.)

நான் செய்த முன்னேற்பாடுகளைச் சொல்ல வேண்டும். பலகையில் அச்சிடப்பட்டிருந்த மாதிரிப் பெயரையும் திருத்த எண்ணையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்தேன். ஒரே பெயரில் இரண்டு திருத்தங்கள் வெளிவந்து, ஒன்றின் கோப்பை மற்றதில் ஏற்றிக் கெடுத்த கதைகள் உண்டு. கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்கினேன். பென்டிரைவை ஃபற்32 முறையில் வடிவமைத்தேன். ரெம் கூடிய வேகத்தில் ஓடும்படி வைக்கப்பட்டிருந்ததை இயல்பு நிலைக்குத் திருப்பினேன். ரெம் தள்ளாடினால், எழுதப்படவிருக்கும் கோப்பே அதற்குள் சிதையக்கூடும் என்பதால் இது பலரும் மறந்துவிடும் முக்கியமான படி. கணினி யூபிஎஸ்ஸில் இணைக்கப்பட்டிருந்ததையும் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது.

பின்னர் நினைத்துப் பார்க்கையில், இவை எல்லாம் எழுதும் வேலை சரியாக நடப்பதற்கான ஏற்பாடுகளாக இருந்தனவே தவிர, அது நடவாமற் போனால் திரும்பி வருவதற்கான ஏற்பாடு ஒன்றுகூட இருக்கவில்லை. சிப்பில் அப்போது இருந்த பழைய பதிப்பைப் பென்டிரைவில் சேமிக்கும் வசதி அந்தப் பயோஸின் திரையிலேயே இருந்தது. அதற்கு ஒரு நிமிடம்கூடப் பிடித்திராது. நான் அதைச் செய்யவில்லை.

அன்று மாலை

காலையில் செய்ய எண்ணிய வேலை, கடவுச்சீட்டுப் படம் எடுக்க வந்தவர்களால் பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. ஒக்டோபரில் மட்டக்களப்பில் மாலை இடி வழமையானது. வாடைக்காற்று மழை தொடங்குவதற்கு முந்திய அந்தக் கிழமைகளில், பகல் முழுவதும் வெயில் சுட்டெரித்துவிட்டு நான்கு மணிக்குப் பின்னர் மேற்கே படுவான்கரைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். நான் தொடங்கியபோது மணி 4.40. வானம் கறுத்திருந்தது. நாளைக்குச் செய்வோமா என்று கேட்டேன். "யூபிஎஸ்லதானே தம்பி போட்டுக் கிடக்கு, பயப்பிடாமச் செய்யுங்க" என்றார் உரிமையாளர். அவரைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. அதே எண்ணம்தான் எனக்கும் இருந்தது.

பழையதை அழித்துப் புதியதை எழுதும் கட்டம் 30 சதவீதத்தைத் தாண்டி 40ஐ நெருங்கியபோது கடையின் விளக்குகள் ஒருமுறை மங்கி மீண்டும் பிரகாசித்தன. மின்விசிறி நிற்கவில்லை. ஆனால் யூபிஎஸ் ஒருமுறை கிளிக் என்றது. ஒரு குறுகிய ஒலி எழுப்பியது. அத்துடன் திரையும் கணினியும் அணைந்தன. சில செக்கன்களில் மீண்டும் மின் கொடுத்தபோது விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. சிறிய வட்டப் பற்றரியைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். ரெம்மை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். மீட்புக் கோப்பைப் பென்டிரைவில் போட்டு வைத்தும் பார்த்தேன். இவற்றில் எதுவும் பலன் தராது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. எனினும் உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியவில்லை.

சிப்புக்குள் என்ன நடந்தது

பயோஸ் இருப்பது பலகையின் மூலையில் உள்ள, எட்டுக் கால்கள் கொண்ட, நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு ஃபிளாஷ் சிப்பில். இந்தப் பலகையில் அதன் கொள்ளளவு 16 மெகாபைற், அதாவது 16,777,216 பைற். இவ்வகைச் சிப்பில் ஓர் இலக்கத்தின் மேல் இன்னோர் இலக்கத்தை அப்படியே எழுதிவிட முடியாது. எழுதும் செயல் 1ஐ 0 ஆக மாற்றுமேயன்றி, 0ஐ மீண்டும் 1 ஆக்காது. அதற்கு ஒரு பகுதியை முழுமையாக அழித்து, எல்லா இடத்தையும் 1 ஆக்கி, அதன் பின்னரே புதியதை எழுத வேண்டும். கரும்பலகையைத் துடைத்துவிட்டு எழுதுவதைப் போன்றது என்று சொல்லலாம். ஆனால் இங்கே துடைக்கும் பஞ்சு பெரியது, ஒரு தடவை துடைத்தால் 64 கிலோபைற் போய்விடும். துடைத்ததற்கும் எழுதியதற்கும் இடையில் மின் போனால் அந்த இடம் வெறுமையாகவே நின்றுவிடும்.

பின்னர் சிப்பைக் கழற்றி வாசித்தபோது இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. தொடக்கத்திலிருந்து 6 மெகாபைற்றுக்குச் சற்று அதிகமான பகுதி, புதிய கோப்புடன் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒத்துப்போனது. அதை அடுத்த 64 கிலோபைற் முழுவதும் எஃப்எஃப், எஃப்எஃப் என்று, அதாவது அழிக்கப்பட்ட நிலையில் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் 2019ஆம் ஆண்டின் பழைய பதிப்பு. ஆறு ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு பதிப்புகள் ஒரே சிப்பில் தலையும் வாலுமாக நின்றன.

ரைசன் போன்ற ஏஎம்டி செயலிகளில் நாம் அறிந்த கருக்கள் விழிப்பதற்கு முன்னர், உள்ளே பதிக்கப்பட்ட சிறிய ஆர்ம் வகைக் கரு ஒன்று முதலில் எழுந்து, இந்தச் சிப்பிலிருந்து தனக்குரிய நிரலை வாசித்து, ரெம்மைத் தயார்செய்து, அதன் பின்னரே மற்றவற்றை எழுப்பும். அந்தச் சங்கிலியின் நடுவில் ஒரு கண்ணி இல்லாமற் போனால் திரையில் எழுத்து வருவதற்கான கட்டத்தையே கணினி எட்டாது. மீட்புக் கோப்புடன் செருகிய பென்டிரைவைப் பலகை திரும்பியும் பார்க்காமல் இருந்ததற்கு இதுவே காரணம். பென்டிரைவைத் தேடச் சொல்லும் நிரலும் அந்தச் சிப்பில்தான் இருக்கிறது.

மின்சாரமா, யூபிஎஸ்ஸா?

வியாழக்கிழமை காலை நான் மீண்டும் சென்றபோது, அறையின் மறு மூலையில் பில் போடும் பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. அது யூபிஎஸ்ஸில் இணைக்கப்பட்டதல்ல. நேரே சுவரில் செருகப்பட்டது. முதல் நாள் மாலை நடந்தது அதன் பதிவேட்டில் எவ்வாறு இருக்கிறது என்று பார்க்க எண்ணித் திறந்தேன். அது புதன்கிழமை காலை 8.40க்கு இயக்கப்பட்டு, இரவு கடை பூட்டும்போதுதான் அணைக்கப்பட்டிருந்தது. இடையில் எதிர்பாராத நிறுத்தம் எதுவும் பதிவாகியிருக்கவில்லை. இணைய ரவுட்டரும் ஒன்பது நாட்களாக இடையறாமல் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. அதாவது, அந்த அறையில் பாதுகாப்பு இல்லாதவை எல்லாம் தப்பிவிட, பாதுகாப்புக்குள் இருந்த ஒன்று மட்டுமே வீழ்ந்தது.

இதன் பொறிமுறை இவ்வாறு. இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். எங்கோ ஒரு கம்பியில் கிளை உரசினாலோ, மின்னல் தொட்டுச் சென்றாலோ, வோல்ட் அளவு சில கணங்களுக்குக் குறைந்து மீளும். கணினியின் உள்ளே இருக்கும் இக்கால மின்வழங்கிகளில் பெரும்பாலானவை 100 வோல்ட்டிலிருந்து 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும். உள்ளே இருக்கும் பெரிய கொள்ளளவி, மின்சாரம் முற்றாக நின்றாலும் முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் தாக்குப்பிடிக்கும், சுமை குறைவாயின் அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும். எனவே விளக்கு மங்கும் அளவிலான ஒரு சரிவு மின்வழங்கிக்குப் பொருட்டே அல்ல. சாதாரண யூபிஎஸ்ஸோ அப்படிப் பொறுத்துக்கொள்வதில்லை. வோல்ட் அளவு தனக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குக் கீழே போனவுடன் அது சுவர் மின்சாரத்தைத் துண்டித்துத் தன் பற்றரிக்கு மாறிவிடும். நான் கேட்ட கிளிக் ஒலி அந்த மாற்றத்தின் ஒலிதான். பற்றரி நலமாக இருந்தால் கணினிக்கு எதுவும் தெரியாது. பற்றரி செத்திருந்தால், மின்வழங்கி தானாகவே தாண்டியிருக்கக்கூடிய ஒரு சிறு பள்ளத்தை யூபிஎஸ்ஸே முழு இருளாக மாற்றிவிடும்.

பற்றரி செத்துத்தான் இருந்தது. 12 வோல்ட், 7 அம்பியர்மணி கொண்ட ஈய அமிலப் பற்றரி. கழற்றி அளந்தபோது 12.7 வோல்ட் காட்டியது. அதைப் பார்த்த எவரும் நல்ல பற்றரி என்றே சொல்வர். ஒரு மோட்டார் சைக்கிளின் முன்விளக்குக் குமிழை அதில் மாட்டியபோது குமிழ் சில செக்கன்கள் எரிந்து மங்கியது. வோல்ட் அளவு 9க்குக் கீழே விழுந்தது. சுமை இல்லாதபோது அளக்கப்படும் வோல்ட் பற்றரியின் உடல்நலத்தைச் சொல்வதில்லை. பச்சை விளக்கும் அப்படியே. சுவரிலிருந்து மின் வருகிறது என்பதைத்தான் அது சொல்கிறது.

இந்தப் பற்றரி 2021இல் மாற்றப்பட்டது. இத்தகைய பற்றரிகளின் ஆயுள் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள். வெப்பம் கூடக்கூட அது வேகமாகக் குறையும். கல்லடியின் தகரக் கூரைக் கடை ஒன்றில், மேசைக்கு அடியில் அது என்ன சூட்டில் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இதைவிடப் பெரிய காரணம் 2022 என்று நான் கருதுகிறேன். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. பல மாதங்கள் நாள்தோறும் பற்றரி அடிமட்டம் வரை வடிந்து, முழுமையாக ஏறுவதற்குள் மீண்டும் வடிந்தது. சில நிமிடங்கள் தாங்கிக் கணினியை ஒழுங்காக அணைக்க உதவுவதற்காகச் செய்யப்பட்ட பற்றரி, அந்த ஆண்டில் ஜெனரேட்டரின் வேலையைச் செய்தது. நம்முடைய ஊர்களில் அக்காலத்தைக் கடந்து வந்த யூபிஎஸ்கள் எத்தனை இன்னும் பச்சை விளக்குடன் நிற்கின்றன என்று எண்ணும்போது எனக்குச் சற்றுக் கவலையாகவே இருக்கிறது.

முன்னறிவிப்பும் இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் நாடு முழுவதும் மின் தடைப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உரிமையாளரிடம் கேட்டேன். "குரங்கு கரண்ட நிப்பாட்டின அண்டைக்கும் இது உடனேதான் நிண்டது. ஊர் முழுக்கப் போனதால நான் அத யோசிக்கல்ல" என்றார். எட்டு மாதங்களுக்கு முன்னரே யூபிஎஸ் உண்மையைச் சொல்லியிருந்தது. இயக்கத்தில் இருக்கும் கணினியை யூபிஎஸ்ஸில் வைத்துக்கொண்டு, யூபிஎஸ்ஸின் செருகியைச் சுவரிலிருந்து ஒரு நிமிடம் பிடுங்கிப் பார்த்திருந்தால் எனக்கும் அது தெரிந்திருக்கும்.

அப்படியானால் யூபிஎஸ் இல்லாமலே பயோஸைப் புதுப்பிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த முடிவுக்கு நான் வரவில்லை. ஒரு சரிவில் தப்பிய பில் கணினி, ஒரு முழு வெட்டில் தப்பியிராது.

மீட்பு

சிப்புக்கு வெளியிலிருந்து எழுத ஒரு கருவி வேண்டும். சிஎச்341ஏ எனப்படும் மலிவான எழுதியே நம்மிடையே பரவலாக உள்ளது. என்னிடமும் ஒன்று இருந்தது. அதை மாட்டுவதற்கு முன்னர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் சிப்பின் மேல் இருந்த எழுத்தை வாசித்ததே இந்த நிகழ்வில் நான் செய்த சரியான செயல்களில் முதன்மையானது. மெக்ரோனிக்ஸ் நிறுவனத்தின் சிப். எழுத்து 25யூ என்று தொடங்கியது. அந்நிறுவனத்தின் வழக்கில் 25எல் என்றால் 3.3 வோல்ட் வகை, 25யூ என்றால் 1.8 வோல்ட் வகை. வின்பொன்ட் நிறுவனத்தின் சிப்புகளிலும் இதே வேறுபாடு கடைசி எழுத்துகளில் இருக்கும். என்னிடம் இருந்த எழுதியோ 3.3 வோல்ட் சிப்புகளுக்கானது. அதிலும் கறுப்புப் பலகை வகையில் சில கால்களில் 5 வோல்ட் கசிவதாக அறியப்பட்ட குறை வேறு. அப்படியே மாட்டியிருந்தால் பாதி எழுதப்பட்டிருந்த சிப் முழுவதுமாகப் போயிருக்கும். எழுதியின் மின்னை 1.8 வோல்ட்டாகக் குறைக்கும் மாற்றி மட்டக்களப்பு நகரில் கிடைக்கவில்லை, கல்முனையிலும் விசாரித்தேன். கொழும்பிலிருந்து தபால் சேவையில் வரச் சனிக்கிழமை ஆயிற்று.

கவ்வியை மாட்டிச் சிப்பைப் பலகையில் வைத்தே வாசிக்க முயன்றபோது, மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் வேறுவேறாக வந்தது. ஒரு பக்கம், கவ்வி கொடுக்கும் மின் சிப்புக்கு மட்டும் போகாமல் அதனுடன் இணைந்த மற்ற உறுப்புகளுக்கும் ஓடுகிறது. மறுபக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவே நிற்கும் கல்லடியில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை; சிப்பின் கால்களில் பச்சை பூத்திருந்தது. சூடான காற்றால் சிப்பைக் கழற்றிச் சுத்தம்செய்து வாசித்தபோது இரண்டு தடவையும் ஒன்றாக வந்தது. ஒரே சிப்பை இரண்டு முறை வாசித்து இரண்டும் ஒத்துப்போகும் வரை அதில் எதையும் எழுதக்கூடாது. வெறுமனே அழித்து எழுதியிருந்தால் பலகையின் தொடரிலக்கமும் அதன் தனி அடையாள எண்ணும் போயிருக்கும். அவை நல்லவேளையாகப் பழைய பகுதியில், சிதையாமல் இருந்தன.

இதன் பின்னர் இரண்டாவது தோல்வி வந்தது. இதற்கு மின்சாரத்தைச் சொல்ல முடியாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிய கோப்பை அப்படியே எழுதினேன். எழுதி முடித்ததும் மென்பொருள் சரிபார்த்து, பிழை இல்லை என்றது. சிப்பை மீண்டும் பற்றவைத்து இயக்கினேன். விசிறி சுழன்றது, திரை கறுத்தே இருந்தது. சனிக்கிழமை இரவு முழுவதும் என் பற்றவைப்பையே சந்தேகித்துக் கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கோப்பின் அளவு கண்ணில் பட்டது: 16,779,264 பைற். சிப்பின் கொள்ளளவைவிட 2,048 பைற் கூடுதல். தளத்தில் கிடைக்கும் கோப்பு, பயோஸின் உள்ளே இருக்கும் புதுப்பிப்புக் கருவிக்காக, முன்னால் ஒரு தலைப்பகுதியுடன் பொதி செய்யப்பட்டது. அந்தக் கருவி தலைப்பகுதியை வாசித்துக் கோப்பு உண்மையானதா என்று பார்த்துவிட்டு, எஞ்சியதையே சிப்பில் எழுதும். வெளி எழுதிக்கு அது தெரியாது. தலையையும் சேர்த்து எழுதி, இடம் போதாமல் வாலை வெட்டிவிட்டது. அதனால் சிப்பில் இருந்த ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து 2,048 பைற் தள்ளி நின்றது. எழும்பும் கரு தனக்குரிய அடையாளத்தைக் குறித்த சில முகவரிகளில் மட்டுமே தேடும். அங்கே வேறொன்று இருந்தது. மென்பொருளின் சரிபார்ப்பும் பொய் சொல்லவில்லை. நான் கொடுத்ததும் சிப்பில் இருந்ததும் ஒன்றே என்றுதான் அது சொன்னது.

தலைப்பகுதியை நீக்கி, அடையாள எண்களை உரிய இடத்தில் வைத்து, மூன்றாம் முறை எழுதியபோது பலகை எழுந்தது. உடனே எழவில்லை. மூன்று முறை தானாக அணைந்து, மீண்டும் எழுந்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் திரை கறுத்தே கிடந்தது. ரெம்மைப் புதிதாக அளந்து பழகும் நேரம் அது. உரிமையாளரின் கை இயக்கு பொத்தானை நோக்கி இரண்டு தடவை போயிற்று. இரண்டு தடவையும் தடுத்தேன். நல்லபடியாக முடிந்த புதுப்பிப்பைப் பதற்றத்தில் அணைத்து, பழுது என்று என்னிடம் கொண்டுவந்தவர்களை இதற்கு முன் கண்டிருக்கிறேன்.

எதிர்பாராத பூட்டு

செயலியை மாற்றி, திங்கட்கிழமை காலை கணினியை இயக்கியதும், புதிய செயலி கண்டறியப்பட்டது, எஃப்டிபிஎம் தரவை மீட்டமைக்க வேண்டும் என்று ஒரு செய்தி வந்தது. வேறு வழியின்றி ஆம் என்றேன். விண்டோஸ் ஏறும் இடத்தில் நீலத் திரை தோன்றி, விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லொக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

வன்வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்ததை உரிமையாளரும் அறியார், நானும் அறியேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவடையவிருந்ததால், மருமகன் விடுமுறையில் வந்தபோது விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவியிருந்தார். அந்தப் பதிப்பில், மைக்ரோசொஃப்ட் கணக்குடன் புதிதாக நிறுவினால் பெரும்பாலான கணினிகளில் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடும். பூட்டைத் திறக்கும் இரகசியம் எஃப்டிபிஎம் எனப்படும் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். ஏஎம்டி பலகைகளில் அப்பகுதியின் தரவு பயோஸ் சிப்பிலேயே, அந்தச் செயலி மட்டும் வாசிக்கக்கூடிய வடிவில் வைக்கப்படுகிறது. நான் சிப்பையும் புதிதாக எழுதிவிட்டேன், செயலியையும் மாற்றிவிட்டேன். புதுப்பிப்பு ஒரு தடங்கலும் இன்றி நடந்திருந்தாலும் இந்தப் பூட்டு விழுந்திருக்கும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

உள்ளே நான்கு கலியாணங்களின் படங்கள் இருந்தன. கணக்கு மருமகனுடையது. டோகாவில் அப்போது விடியற்காலை. அவர் எழும்பும் வரை நானும் உரிமையாளரும் வாசலில் தேநீர்க் கோப்பையுடன் அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் கணக்கில் நுழைந்து, ஆறு இலக்கங்கள் வீதம் எட்டுத் தொகுதிகளாகச் சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவருடைய கடவுச்சொல் மறந்திருந்தால், அல்லது அந்தக் கணக்கு பாவனையில் இல்லாத பழைய தொலைபேசி எண்ணுடன் பிணைக்கப்பட்டிருந்தால், பலகை மீண்டிருந்தும் படங்கள் மீளாத நிலை வந்திருக்கும். பலகைக்கு விலை உண்டு, வேறொன்று வாங்கலாம். நடந்து முடிந்த கலியாணத்தை மறுபடி படம்பிடிக்க முடியாது. பயோஸைத் தொடுவதற்கு முன்னர் குறியாக்கம் இருக்கிறதா என்று பார்த்து, அதை இடைநிறுத்தி, சாவியைக் காகிதத்தில் எடுத்து வைப்பதை நான் இப்போது எல்லாவற்றுக்கும் முந்திய வேலையாகச் செய்கிறேன்.

புதுப்பித்திருக்கத்தான் வேண்டுமா?

ஓடுகிற கணினியின் பயோஸைத் தொடாதே என்பது நம் திருத்துநர்களிடையே நீண்ட காலமாக உள்ள வழக்கு. அதற்கு நியாயம் உண்டு. இந்தச் சிப்பில் எதை எழுதினாலும் பலகை செத்துவிடலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியது 1998இல் தோன்றிய சிஐஎச் என்ற வைரஸ். 1999 ஏப்ரல் 26இல் அது விழித்தபோது வன்வட்டின் தொடக்கத்தை அழித்ததோடு, பல பலகைகளின் பயோஸிலும் குப்பையை எழுதியது. இன்னொரு நியாயம், திரும்பி வரும் வழி அடைபடுவது. 16 மெகாபைற் சிப்பில் பழைய செயலிகளுக்கும் புதிய செயலிகளுக்குமான நிரல்கள் எல்லாம் ஒன்றாக அடங்குவதில்லை. 2019இல் ரைசன் 3000 தொடர் வந்தபோது எம்எஸ்ஐ நிறுவனம் தன் பழைய ஏஎம்4 பலகைகள் பலவற்றில் அழகிய வரைகலைத் திரையை நீக்கி எளிய திரையை வைத்ததும், ஆகப் பழைய செயலிகளுக்கான ஆதரவை விட்டதும் இந்த இட நெருக்கடியால்தான். புதியதை ஏற்றிய பின்னர் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது என்ற குறிப்பும் பல பதிப்புகளில் இருக்கும். பதிவிறக்கப் பொத்தானைத் தேடும் அவசரத்தில் அதை வாசிப்பவர் குறைவு.

எனினும் அந்த வழக்கு இன்று முழுமையாகப் பொருந்தாது. 2023இல் ரைசன் 7 7800எக்ஸ்3டி வகைச் செயலிகள் சில பலகைகளில் கருகியபோது, செயலியின் ஒரு பகுதிக்குப் போகும் மின்னை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தும் திருத்தம் பயோஸ் வழியாகவே வந்தது. 2024இல் இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் மிகை வோல்ட்டால் தேய்ந்து நிலைதடுமாறியபோதும், அதற்கான நுண்நிரல் 0எக்ஸ்129 என்ற எண்ணுடன் பயோஸ் புதுப்பிப்பாகவே ஓகஸ்டில் வெளியானது. ஏற்கெனவே தேய்ந்துவிட்ட செயலியை அது குணப்படுத்தாது. மேலும் தேயாமல் காக்க மட்டுமே செய்யும். ஆகவே அத்தகைய கணினியை வைத்துக்கொண்டு பயோஸைத் தொடமாட்டேன் என்று இருப்பவர், நாள்தோறும் சிறிது சிறிதாக அதை இழந்துகொண்டிருக்கிறார்.

இந்த நிகழ்வில் தேவை உண்மையானது: புதிய செயலி புதிய பயோஸ் இல்லாமல் எழாது. அதனால் புதுப்பித்தது தவறு என்று நான் எண்ணவில்லை. அந்த மாலையில், அந்த வானத்தின் கீழ், சோதிக்காத பற்றரியை நம்பி, பழைய பதிப்பைச் சேமிக்காமல், 1.8 வோல்ட் மாற்றி கையில் இல்லாமல் தொடங்கியதே தவறு. மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தெரிவுகூட இருப்பதில்லை. விண்டோஸ் புதுப்பிப்புடன் பயோஸும் சேர்ந்தே வந்து, மறுதொடக்கத்தின்போது தானாக ஏறுகிறது. கறுத்த திரையைக் கண்டு மூடியை மூடிவிடாமல் இருப்பது மட்டுமே அவர்களின் கையில் இருக்கிறது.

கணினி இப்போது வேலை செய்கிறது. ஒரு மணித்தியாலக் காணொளி இரவுச் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் முடிந்துவிடுகிறது என்று உரிமையாளர் சொல்கிறார். கொழும்பிலிருந்து எடுத்த மாற்றியின் செலவையும் புதிய பற்றரியின் விலையையும் நானே ஏற்றுக்கொண்டேன், கூலியும் வாங்கவில்லை. அவர் அதற்குச் சம்மதிக்காமல், என் மகளின் முதலாம் பிறந்தநாளுக்கு அல்பம் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். யூபிஎஸ்ஸின் முதுகில் பற்றரி மாற்றிய திகதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். கழற்றி வாசித்த சிப்பின் நகலும், இப்போது ஓடும் பதிப்பின் நகலும், 48 இலக்கங்கள் எழுதிய காகிதமும் அவருடைய அலுமாரியில் பூசை மஞ்சள் போட்ட உறை ஒன்றுக்குள் இருக்கின்றன.